நாங்கள் மிதித்த குளம்

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவள் நான். பஞ்சாயத்துப் பதிவேட்டில் டேங்க் ஆபரேட்டர் என்று எழுதியிருக்கும். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் என்னை யாரும் நினைப்பதில்லை. அரை மணி தாமதமானால் தெரு முழுக்க என் பேர்தான் அடிபடும். இது மாமனார் பார்த்த வேலை. அவருக்கு முழங்கால் போய், தொட்டியின் இரும்பு ஏணியில் ஏற முடியாமல் ஆனபோது நான் ஏறினேன். அதற்கு முன்னால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பளத்தில் கூலி வேலை. இப்போதும் சீசனில் ஆள் பற்றவில்லை என்றால் கூப்பிடுவார்கள், போவேன்.

காலையில் மோட்டார் போட்டதும் நான் செய்கிற முதல் காரியம், குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் வைத்துப் பார்ப்பது. உப்பை அளக்க பேனா மாதிரி ஒரு மீட்டர் கொடுத்திருக்கிறார்கள். அது பாதி நாள் பேட்டரி தீர்ந்து அலமாரியில் கிடக்கும். உப்பளத்தில் வேலை பார்த்தவளின் நாக்குக்கு பேட்டரி வேண்டாம். கடல் தண்ணீர் எது, ஓடைத் தண்ணீர் எது, இன்னும் இரண்டு வெயில் பட்டால் உப்பு பூக்கப்போகிற தண்ணீர் எது என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு.

ஊருக்குக் கிழக்கே உப்பளம். மேற்கே மணல்மேடு, சவுக்குத் தோப்பு, அதை ஒட்டிக் குளம். குளத்தங்கரைக்குப் பக்கத்தில்தான் பஞ்சாயத்தின் போர்வெல். உப்பளத்துப் பக்கம் இருந்த கைபம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. முதலில் டீ திரியும். அப்புறம் சோப்பு நுரைக்காது. கடைசியில் ஆடு மாடுகூட ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். இப்படி எல்லாம் போய், முழு ஊருக்கும் மிஞ்சியது இந்த ஒரு போர்தான். இதுவும் போனால் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அந்த போரைக் காப்பாற்றத்தான் குளத்தைத் தூர் வாரும் வேலை வந்தது. நூறு நாள் வேலையில் செய்யச் சொன்னார்கள். நான் பணித்தளப் பொறுப்பாளர். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார், சின்ன வயசு, வெயில் தாங்காத முகம். குளத்தைப் பார்த்தார், பஞ்சாயத்துத் தலைவரிடம் ஏதேதோ படம் போட்டுக் காட்டினார், கிளம்பும்போது வண்டியில் உட்கார்ந்தபடியே என்னிடம், "மணல் தெரியற வரைக்கும் வண்டலை எடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்கு என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும், ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் வண்டியை விட்டு இறங்கிச் சொல்லியிருந்தால் என்ன என்று அவர் மேலும் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் உப்பளத்துப் பெண்கள். அதில் எங்களுக்கெல்லாம் மூத்தவள் ஒரு அக்கா. கிழக்குக் கடைசி வீடு. ஒரே மகளைத் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்துச் சில மாசம்தான் ஆகியிருந்தது. பாத்தி மிதிப்பதில் அக்காவுக்கு நிகர் இந்தப் பக்கம் யாரும் இல்லை என்று உப்பள முதலாளிகளே சொல்வார்கள்.

பாத்தி மிதிப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் செய்தது புரியாது. மழைக்காலம் முடிந்து சீசன் தொடங்கும்போது உப்புப் பாத்தியின் அடித்தரையைத் தயார் பண்ண வேண்டும். களிமண் குழைந்த தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஒரு நாள் வேலை இல்லை, பல நாள். வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, முன்னங்காலைத் திருகி, ஒரு பாதம் இடம்கூட விடாமல் மிதிப்போம். தரை இறுகினால்தான் தண்ணீர் நிற்கும், நின்றால்தான் உப்பு. எங்காவது ஒரு உள்ளங்கை அளவு மணல் தெரிந்தால், அந்த வழியாக ஒரு வாரத்து உழைப்பும் மண்ணுக்குள் போய்விடும். அதை நாங்கள் வாய் என்போம். "அங்க ஒரு வாய் தொறந்திருக்குது பாரு" என்று யாராவது கத்தினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் களிமண்ணோடு ஓடுவோம்.

குளத்தில் வண்டலை அள்ள அள்ள, நாலாவது நாள் மணல் தெரிய ஆரம்பித்தது. ஒரு இடத்தில் இல்லை, அங்கங்கே திட்டுத் திட்டாக. நடுவில் ஒரு பெரிய திட்டு, ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு. பார்த்ததும் எல்லாருக்கும் பகீரென்றது.

"இன்னாடி இது, அடியெல்லாம் வாயா இருக்குது. இதுல எப்படித் தண்ணி நிக்கும்?" என்றாள் அக்கா.

குளம் நிறைந்தால் போர் ஊறும் என்பது எங்களுக்கும் தெரியும். நிறைய வேண்டுமானால் அடி ஓட்டையாக இருக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. வேறு மாதிரி நினைக்க எங்கள் புத்தி பழகவில்லை. மணல் தெரிகிற வரைக்கும் என்று அவர் சொன்னதை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆபத்து என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

"அடைச்சிடுங்க" என்றேன். சொன்னது நான்தான்.

அடைத்தோம். வண்டலை வைத்து அடைத்தால் நிற்காது என்று அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. உப்பள ஓடையோரம் நல்ல களி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து சட்டி சட்டியாகச் சுமந்து வந்தோம். ஒவ்வொரு திட்டிலும் கொட்டி, தண்ணீர் தெளித்துக் குழைத்து, மிதித்தோம். நடுவில் இருந்த பெரிய திட்டை அக்கா தன்னுடையதாக வைத்துக்கொண்டாள். வேறு யார் கால் வைத்தாலும் விரட்டினாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கரையேறிய பிறகும் அவள் மட்டும் நடுவில் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருப்பாள்.

"போதும் வாக்கா, இதுக்கு யாரும் நமக்கு மெடல் குத்தப் போறதில்ல" என்று கரையிலிருந்து கத்துவேன்.

"நீ துன்னுடி. ஆயுசு பூரா அடுத்தவன் பாத்தியத்தான மிதிச்சோம்? இது நம்மளுது. என் பொண்ணு புள்ளத்தாச்சியா வூட்டுக்கு வரும்போது நல்ல தண்ணி இருக்க வேணாவா?"

அதைக் கேட்டதும் பாதியில் டப்பாவை மூடிவிட்டு இறங்கி நாங்களும் மிதித்தோம். வேலை முடிந்த அன்று குளத்தின் அடி, மெழுகிவிட்ட தரை மாதிரி இருந்தது. நான் நின்று அழகு பார்த்தேன், அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முடிவதற்குள் குளம் தளும்பிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. முன்னெல்லாம் மழை நின்று ஒரு மாசத்தில் கணுக்கால் அளவுக்கு வந்துவிடும். இந்தத் தடவை மார்கழியிலும் படிக்கட்டு முழுகி நின்றது. கரையில் 'கசிவுநீர்க் குட்டை' என்று பச்சை போர்டு வைத்தார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து போட்டோ எடுத்தார்கள். அக்காவை முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல், ரொம்பப் பெருமையாக நின்றாள்.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு காலை, குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தேன். நாக்கின் ஓரத்தில் என்னவோ பட்டது. துப்பிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் பட்டது. ராத்திரி சாப்பிட்ட கருவாடாக இருக்கும் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டு வால்வைத் திறந்துவிட்டேன். மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். அது என் நாக்கு சொன்னதையே சொன்னது.

பஞ்சாயத்து ஆபீசில் போய்ச் சொன்னால் கிளார்க் சிரித்தார். "கொளம் ரொம்பி நிக்குது, உப்பு எங்கேந்தும்மா வரும்? ஒன் நாக்குலதான் உப்பு."

"என் நாக்குல உப்பு இருக்குது, அதனாலதான் சொல்றேன். உங்க வூட்டு டீ அடுத்த மாசம் திரியும், அப்ப சிரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கு வாய் சொல்லிவிட்டாலும் மனசு அடித்துக்கொண்டது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. குளம் நிறைந்து நிற்கும்போது போரில் உப்பு ஏன் ஏற வேண்டும்?

அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. குளத்தில் ஒரு சவுக்குக் குச்சியை ஊன்றிக் கத்தியால் கோடு போட்டேன். கரையில், வெயில் படுகிற இடத்தில், வீட்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். வெயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்பது உப்பளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள்ளும் இறங்குகிறது என்றால், அண்டாவைவிடக் குளம் அதிகமாகக் குறைய வேண்டும். பதினோரு நாள் விரலை வைத்து அளந்தேன். அண்டாவில் எத்தனை விரல் குறைந்ததோ, குளத்திலும் அத்தனை விரல்தான் குறைந்திருந்தது. மேலே வெயில் குடித்தது போக, கீழே ஒரு சொட்டும் போகவில்லை.

அன்றைக்கு அப்படியே உப்பளத்துக்கு நடந்தேன். பாத்தி மிதிக்கிற சீசன். அக்கா ஒரு பாத்தியில் தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று அவள் காலைப் பார்த்தேன். குதிகால் ஊன்றி, முன்னங்கால் திருகி, ஊன்றி, திருகி. ஒரு இடத்தில் நின்று குனிந்து களிமண் எடுத்து எதையோ அடைத்தாள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடி, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"அக்கா, நம்ம கொளத்தப் பாத்தியாக்கிட்டோம்" என்றேன். குச்சியை, அண்டாவை, எல்லாம் சொன்னேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "என் மிதியக் குத்தம் சொல்றியா?" என்றாள்.

"மிதியில குத்தம் இல்லக்கா. மிதிச்சதே குத்தம். அடைக்கச் சொன்னது நான்."

"போடி. தண்ணி நிக்கறது ஒரு தப்பா? போய் வேலையப் பாரு" என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

பொறியாளருக்கு போன் போட்டேன். இந்தத் தடவை இறங்கி வந்தார். நாங்கள் அடைத்த கதையைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குச் சொன்னார். மணலுக்குள் கடல் பக்கமிருந்து உப்புத் தண்ணீர் எப்போதும் வரப் பார்த்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர் மேலிருந்து இறங்கி அழுத்திக்கொண்டிருந்தால்தான் அது அடங்கிக் கிடக்கும். அந்த மணல் திட்டுகள்தான் நல்ல தண்ணீர் இறங்குகிற வழி. தூர் வாராமலே விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். நாங்கள் அதையும் அடைத்துவிட்டு, தினமும் மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

"இப்ப இன்னா பண்றதுங்க?"

"கொளம் காயட்டும்மா. சித்திரை வைகாசியில மிஷின் விட்டு அடியக் கிளறிடலாம். எஸ்டிமேட் போடணும்."

"அதுக்குள்ள போர் முழுசா உப்பாயிடுமே."

ஒரு தடவை மணலில் உப்பு ஏறிவிட்டால், அதைக் கழுவ எத்தனை மழை வேண்டும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்றாவது சொன்னார். அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன்.

மாசியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டில் வளையல் போட்டு, சாப்பாடு முடிந்ததும், தாய் வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அக்கா ஒரு மாசமாக அதே நினைப்பாக இருந்தாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுக் கட்டில் வாங்கிப் போட்டாள். ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வேனில் பிரம்மதேசம் போனோம். என்னிடம் அக்கா அளவாகத்தான் பேசினாள், ஆனால் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

வளையல் போட்டு முடிந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள், கால் இரண்டும் லேசாக வீங்கியிருந்தன. சாப்பிட்டு எழுந்ததும் சம்பந்தியம்மா நேராக என்னிடம் வந்தாள். நல்ல பெண்மணி, அதிர்ந்து பேசாதவள்.

"நீங்கதான அந்த ஊருல தண்ணி வுடுறவங்க?"

"ஆமாங்க."

"நர்ஸம்மா உப்பு சுத்தமா ஆவாதுன்னு சொல்லிட்டாங்க. பிரஷர் இருக்குதாம். உங்க ஊர்த் தண்ணி இப்ப எப்படி இருக்குதுங்க? உள்ளதச் சொல்லுங்க."

அக்கா ஐந்தடி தள்ளி நின்றிருந்தாள். கையில் மகளின் துணிப்பை, ஏற்கெனவே கட்டி வைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் கணக்குப் போட்டேன். ஆனால் சமைப்பதற்கு, குளிப்பதற்கு, குழந்தை பிறந்த பிறகு என்று எத்தனை கேன்? அந்தப் பெண்ணின் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"உப்பு ஏறுதுங்க" என்றேன்.

சம்பந்தியம்மா தலையை ஆட்டிவிட்டு அக்காவிடம் போய், "மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. கொழந்த பொறக்கற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்றாள். அக்கா துணிப்பையை மகள் மடியில் வைத்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பி வருகிற வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்த சீட்டில் உட்கார எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் காலை மோட்டார் போட வந்தேன். குளத்தில் அக்கா நின்றிருந்தாள். இடுப்பளவு தண்ணீர், கையில் கடப்பாரை. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, காலால் அடியைத் தடவித் தடவி நடந்தாள். அவள் என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வால்வைத் திறந்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன்.

தண்ணீருக்குள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காலுக்குத் தெரிந்தது. வண்டல் இருக்கிற இடத்தில் கால் புதையும், நாங்கள் மிதித்த இடத்தில் சிமெண்டு போல நிற்கும். நடுவில் வந்ததும் அக்கா நின்றாள். சுற்றி ஒரு வட்டம் நடந்து பார்த்தாள். அத்தனை மாசம் தண்ணீரில் கிடந்தும் ஒரு இடம்கூட இளகவில்லை.

"பாரு, எப்படி நிக்குது" என்றாள். குரலில் பெருமை இருந்தது, அழுகையும் இருந்தது. "நான் மிதிச்சதுலியே இதாண்டி நல்ல மிதி."

கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கிக் குத்தினாள். முதல் குத்து உள்ளே போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. ஏழெட்டுக் குத்துக்குப் பிறகு ஒரு கட்டி பெயர்ந்தது. குனிந்து, முகம் தண்ணீரில் முழுக, அதைக் கையால் பிடுங்கி எடுத்தாள். அந்த இடத்திலிருந்து காற்று கொப்புளம் கொப்புளமாக மேலே வந்தது. கீழே மணல் அவ்வளவு காய்ந்து கிடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாம குத்துடி" என்றாள்.

நேரம் போகப் போக மற்ற பெண்களும் வந்தார்கள். அவரவர் அடைத்த இடம் அவரவர் காலுக்குத் தெரியும். மூன்று நாள் ஆனது. ஊரில் எங்களைத் திட்டாதவர்கள் இல்லை. ரொம்பி நிற்கிற குளத்தை ஓட்டை போடுகிறாளுங்க, இவளுங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்றார்கள். தலைவர் கரையில் நின்று கேஸ் கொடுப்பேன் என்றார். "குடுங்க. எங்க மேல குடுங்க. நாங்கதான அடைச்சோம்" என்று நான் தண்ணீருக்குள் நின்றபடியே கத்தினேன். பங்குனி முடிவதற்குள் குளம் வற்றிவிட்டது. மாடுகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அந்த வெறும் குளத்தைப் பார்க்கிற போதெல்லாம், நாங்கள் செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

போர் உடனே திரும்பவில்லை. இரண்டு மூன்று மாசம் உப்பு அப்படியே நின்றது. ஏறவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். சித்திரையில் அக்கா மகளுக்கு திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். அக்கா போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். அடுத்தவர் வீட்டில் எத்தனை நாள் கால் நீட்டி உட்கார முடியும்? புதுக் கட்டிலின் மேல் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை.

அந்த ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது, பத்து நாளில் இறங்கியது. மறுபடி நிறைந்தது, மறுபடி இறங்கியது. அதைப் போட்டோ எடுக்க யாரும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் நான் வாயில் வைத்துப் பார்த்தேன். மார்கழியில் ஒரு நாள், நாக்கின் ஓரத்தில் தேடித் தேடிப் பார்த்தும் மிகக் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. மீட்டரை வைத்தேன். அதுவும் குறைத்துத்தான் காட்டியது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. போனை எடுத்துச் சம்பந்தி வீட்டு நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு. அவங்களுக்கு உன் வார்த்ததான் வார்த்த."

சொன்னேன். கொஞ்சம் உப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் குடிக்கலாம் என்று, உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, "அன்னிக்கு மறைக்காம சொன்னீங்க. இன்னிக்கு நீங்க சொன்னா சரிங்க, பொங்கலுக்கு அனுப்புறேன்" என்றாள். அக்கா போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று வேனில் பேசாமல் வந்தவள், கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, "நீ அன்னிக்குப் பொய் சொல்லியிருந்தா நானும் ஒத்துக்கினு இருந்திருப்பேன்டி" என்றாள்.

பொங்கலுக்கு மகள் பிள்ளையோடு வந்தாள். நான் தண்ணீர் திறந்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அண்டா நிறையப் பிடித்து, வெந்நீர் கலந்து, எண்ணெய், பயத்தமாவு எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு, "குடு" என்றாள். பிறந்த பிள்ளையைப் படுக்கவைத்துக் குளிப்பாட்ட அப்படித்தான் உட்காருவோம். மகள் பிள்ளையை அவள் கால் மேல் படுக்க வைத்தாள். அவன் படுக்கவில்லை. ஒன்பது மாசப் பிள்ளை. புரண்டு, எழுந்து உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டு தரையில் இறங்கி அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா மறுபடி தூக்கிக் கால் மேல் போட்டாள். மறுபடியும் இறங்கிவிட்டான்.

நீட்டின காலை அவள் மடக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருசாயிட்டாண்டி" என்றாள் என்னைப் பார்த்து.

நான் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நிற்க வைத்தே தண்ணீர் ஊற்றினாள்.